குடை பிடிக்க ஆள் வேண்டிய கேமரா

ஷார்ஜா
16.1.2000

அன்புள்ள பானு,

நான் நலம். நீயும் அத்தையும் கருப்பண்ணன் மச்சானும் நலமா? பொங்கலுக்கு இங்கே லீவு இல்லை. அறையில் இருக்கும் ஆந்திராக்காரர் ஒருவர் குக்கரில் சர்க்கரைப் பொங்கல் வைத்தார். அடிப்பிடித்துவிட்டது. அந்த அடியைத்தான் எல்லோரும் சுரண்டிச் சண்டை போட்டுத் தின்றோம்.

நம் கேமரா கெட்டுப்போனதாக மச்சான் போனில் சொன்னார். எப்படி என்று கேட்டால், “அத உங்க பானுகிட்டயே கேட்டுக்கங்க மாப்ளை” என்று சிரிக்கிறார். கெட்டது கெட்டுப்போகட்டும். வேறு ஒன்று அனுப்புகிறேன். வைகாசியில் காரவள்ளி சென்றாயன் ஊருக்கு வருகிறான். அவன் பெட்டியில் இப்போதே பாதி ஷார்ஜா ஏறிவிட்டது. எனக்காக ஒரே ஒரு சாமானுக்கு இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறான். நானும் ஒன்றுதான் வாங்க முடியும்.

என் கண் முன்னால் இரண்டு இருக்கின்றன. ஒன்று பழைய நிக்கான். இங்கே பத்திரிகையில் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் ஊருக்குத் திரும்புகிறார், அதை விற்கச் சொல்லி எங்கள் போட்டோ லேபில் வைத்திருக்கிறார். முழுக்க உலோகம். ஓரங்களில் கறுப்பு தேய்ந்து பித்தளை தெரிகிறது. கூடவே மூன்று லென்ஸ். எல்லாம் கையால் திருப்ப வேண்டியது. ஷட்டரை அமுக்கினால் பீரோ பூட்டு விழுகிற மாதிரி ஒரு சத்தம். அதைக் கேட்கவே நான் சும்மா சும்மா அமுக்கிப் பார்க்கிறேன், முதலாளி முறைக்கிறார்.

இன்னொன்று புதியது, கையளவுதான். கட்டட வேலை நடக்கிற இடத்தில் இன்ஜினியர்கள் வைத்துக்கொள்வது. மேலே ரப்பர் உறை. தண்ணீர் போகாது, தூசி போகாது, மாடியிலிருந்து போட்டாலும் உடையாது என்கிறார்கள். ஃபோகஸ் பார்க்க வேண்டாம், அமுக்கினால் போதும். ஆனால் ஒரே லென்ஸ், கழற்றி மாட்ட முடியாது.

படம் என்று பார்த்தால் பெரியது. வேலை என்று பார்த்தால் சின்னது. எனக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை. ஆகாய கங்கை அருவியில் படம் எடுக்க நிற்பவள் நீதானே. எது வேண்டும் என்று எழுது.

அன்புடன்,
பூபதி


பெரக்கரை நாடு, கொல்லிமலை
4.2.2000

அன்புள்ள மாமாவுக்கு,

பானு எழுதுவது. எல்லோரும் நலம். அம்மாவுக்குப் பனியில் முட்டிவலி, மற்றபடி வாய் நன்றாக இருக்கிறது.

கேமரா எப்படிக் கெட்டது என்று நானே சொல்லிவிடுகிறேன். அண்ணன் சொன்னால் கண், காது, மூக்கு வைத்துச் சொல்வார். ஐப்பசி மழையில் லென்ஸுக்குள் சிலந்திவலை மாதிரி பூஞ்சை பிடித்தது. துடைத்தால் போகவில்லை, உள்ளே இருந்தது. ஈரம்தானே காரணம், ஈரத்தை எடுத்துவிட்டால் போய்விடும் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் விதைச் சோளக்கதிரை எங்கே கட்டி வைப்போம்? அடுப்புக்கு மேலே பரணில். புகை பட்டால் பூச்சியும் அண்டாது, பூஞ்சையும் அண்டாது. எங்கள் அப்புச்சி காலத்திலிருந்து ஒரு விதை கெட்டதில்லை. அதனால் கேமராவையும் துணியில் சுற்றி அந்தக் கதிர்களோடு கட்டித் தொங்கவிட்டேன். கார்த்திகை முழுக்க அங்கேதான் இருந்தது.

விதை நன்றாக இருக்கிறது. நாமக்கல்லில் கேமரா ரிப்பேர் பார்க்கிறவர் லென்ஸைக் கழற்றிவிட்டு, “ஏனுங்க, இதுல கருவாடு ஏதும் சுட்டீங்களா?” என்று கேட்டார். சூட்டில் கண்ணாடிகளை ஒட்டியிருந்த பசை விட்டுப்போய், இடையில் புகை படிந்துவிட்டதாம். இது தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அருவிக்கு வந்தவர்களைப் படம் எடுத்து, எழுதி வாங்கிய விலாசங்களுக்கெல்லாம் தபாலில் அனுப்பியும்விட்டேன். ஈரோட்டிலிருந்து ஒருவர் கார்டு போட்டிருந்தார்: நாங்கள் அருவிக்கு வந்தோமா, உங்கள் சமையலறைக்கு வந்தோமா என்று. படித்துவிட்டு நான் சிரித்தேன். சிரித்து முடித்ததும் கூடச் சிரிக்க ஆளில்லை என்று தெரிந்தது.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். எது வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். எப்போது வருகிறேன் என்று எழுதவில்லை. இரண்டு வருடம் என்று சொல்லிப் போனீர்கள், வருகிற ஆனியோடு முடிகிறது.

பெரிய கேமரா தனி ஆள் வேலைக்கு ஆகாது என்று உங்களுக்கே தெரியும். அருவியில் நீங்கள் எடுப்பீர்கள், நான் பக்கத்தில் குடை பிடிப்பேன். கேமராவுக்குப் பிடித்தால் உங்கள் தலை நனையும். இரண்டுக்கும் சேர்த்துப் பிடித்தால் நான் நனைவேன். நான் நனைவதுதான் நம் வழக்கம். நீங்கள் என்னைவிட ஒரு சாண் உயரம் வேறு, கையைத் தூக்கித் தூக்கி எனக்குத் தோள்பட்டையே இறங்கிவிடும். நீங்கள் போன பிறகு குடைக் காம்பைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு எடுத்தேன். அப்படி எடுத்ததால்தான் அத்தனை ஈரம் உள்ளே போனது.

ஆகவே முடிவை நீங்களே சொல்லுங்கள். பெரியதை அனுப்பினால் நீங்கள் வருகிறீர்கள் என்று எடுத்துக்கொள்வேன். சின்னதை அனுப்பினால் தனியாகவே பிழைத்துக்கொள் என்று சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
பானுமதி


ஷார்ஜா
25.2.2000

அன்புள்ள பானு,

கேமராவை வைத்துக்கூட ஜோசியம் பார்ப்பார்களா? கிளி ஜோசியக்காரன் தோற்றான் போ. ஒரு சாமான் வாங்குகிறோம், எது உழைக்கும் என்று பார்க்கிறோம், அவ்வளவுதானே.

இரண்டையும் கையில் வைத்துப் பார்த்தேன். பெரியது கல் மாதிரி கனக்கிறது. மூன்று லென்ஸையும் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் படிகளில் இறங்கி ஏறினால் உன் இடுப்பு என்னாகும்? பாசி பிடித்த படி. வழுக்கினால் நீ கேமராவைப் பார்ப்பாயா, உன்னைப் பார்ப்பாயா? உன்னைப் பற்றி எனக்குத் தெரியும், கேமராவைத்தான் பார்ப்பாய். சின்னது என்றால் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்ளலாம். உனக்குச் சட்டைப்பை இல்லை, இடுப்பில் சொருகிக்கொள்ளலாம். அருவிக்கு அடியிலேயே போய் எடுக்கலாம். குடையும் வேண்டாம். பரணில் கட்டினாலும் ஒன்றும் ஆகாது போலிருக்கிறது. பெரியதற்கு ஒரு ஸ்குரூ போனால்கூடச் சென்னைக்குத்தான் ஓட வேண்டும். யோசித்துப் பார்த்தால் சின்னதுதான் நல்லது என்று படுகிறது. இருந்தாலும் உன் இஷ்டம்.

இங்கே என் வேலை உனக்குத் தெரியுமா? மெஷினில் நாள் முழுக்க மற்றவர்கள் படம் வந்துகொண்டே இருக்கும். கல்யாணம், காதுகுத்து, ஒட்டகத்தின் மேல் ஏறிய மலையாளிக் குடும்பம், குழந்தையின் முதல் பல். நிறம் சரியா, வெளிச்சம் சரியா என்று பார்த்து வெட்டிக் கவரில் போட வேண்டும். சில குடும்பங்கள் மாதாமாதம் ரோல் கொண்டுவருகின்றன. ஒரு வீட்டில் பாப்பா தவழ்ந்ததிலிருந்து ஓடித் திரிவது வரை எனக்குத் தெரியும். தெருவில் பார்த்தால் கன்னத்தைத் தொடலாம் போல இருக்கும், ஆனால் அவர்களுக்கு நான் யார்? இத்தனை பேர் முகம் தெரிகிறது, என் பெண்டாட்டி முகம் மட்டும் கல்யாணத்தன்று எடுத்ததில் இருக்கிறபடியேதான் இருக்கிறது. ஊரையெல்லாம் படம் எடுக்கிறாய். உன்னுடையது ஒன்று அனுப்பக் கூடாதா?

அன்புடன்,
பூபதி


பெரக்கரை நாடு
28.3.2000

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து நாளாகிறது. பதில் எழுதாமல் வைத்திருந்தேன். சின்னதுதான் நல்லது என்று அத்தனை காரணம் எழுதியிருந்தீர்கள். ஆனி மாதத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. அதனால் செம்மேடு போய் பூத்திலிருந்து உங்கள் லேபுக்குப் போன் போட்டேன். நீங்கள் வெளியே போயிருந்தீர்கள். எடுத்த பையன் தமிழ்ப்பையன்தான், நல்ல மாதிரி பேசினான். நான் யார் என்று சொன்னதும் அவனுக்கு ஒரே சந்தோஷம். “அண்ணன் மறுபடி மூணு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டாருங்க அக்கா, எங்களுக்கு நிம்மதிங்க” என்றான். டிசம்பரிலேயே போட்டாயிற்றாமே.

டிசம்பரில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஜனவரியில் எந்தக் கேமரா வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தீர்கள். அதையும் என் கையாலேயே பரிமாறச் சொல்கிறீர்கள். நான் சின்னதைக் கேட்டால், பானுவே தனியாகச் செய்துகொள்கிறேன் என்றுவிட்டாள், அப்புறம் நாம் எதற்கு என்று உங்கள் மனசுக்குச் சமாதானம். அதற்குத்தானே அந்த ரப்பர் உறையை அப்படிப் புகழ்ந்தீர்கள்?

பூத்தை விட்டு வெளியே வந்தேன். மூடுபனி. சோளக்காடு போகிற பஸ் வந்தது, ஏறத் தோன்றவில்லை, விட்டுவிட்டேன். அடுத்த பஸ்ஸில் வந்தேன். அம்மா ஏன் இவ்வளவு நேரம் என்றார். பஸ் வரவில்லை என்றேன். உங்களிடம் இருந்து நானும் கற்றுக்கொண்டேன் பாருங்கள்.

என் படம் கேட்டிருக்கிறீர்கள். யார் எடுப்பது? இந்த மலையில் என்னைப் படம் எடுத்த ஒரே ஆள் நீங்கள்தான். கண்ணாடியைப் பார்த்துத் தலை சீவுகிறேன், அதோடு சரி. ஒரு பிள்ளையாவது இருந்திருந்தால் அதற்காவது ஓடி வந்திருப்பார் என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார், என் காதில் விழட்டும் என்றுதான். நான் காதில் வாங்காத மாதிரி மாட்டுக்குத் தண்ணீர் வைத்தேன்.

வர இஷ்டமில்லை என்றால் இல்லை என்று எழுதுங்கள். கேமராவை எதற்கு இடையில் இழுக்கிறீர்கள்?

பானுமதி


ஷார்ஜா
14.4.2000

பானு,

அந்தப் பையனைத் திட்டினேன். அவன் மேல் என்ன தப்பு.

ஆமாம், கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. பேனா எடுத்தால் கேமராவைப் பற்றித்தான் எழுத வந்தது.

வர இஷ்டமில்லையா என்று கேட்டிருக்கிறாய். வந்து எங்கே இருப்பேன்? உன்னைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து என் அப்பா கீழே எங்கள் காரவள்ளியில் என்னைப் பார்த்தால் பாதையை மாற்றுகிறார். மேலே வந்தால் உன் வீடு. நான் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னால், சோளக்காட்டுச் சந்தையில், மிளகு வாங்க வந்த வியாபாரிகள் முன்னால் உன் அண்ணன் சொன்னது உனக்கு நினைவிருக்கிறதா? “எங்க மாப்ளைக்கு என்னங்க கவலை? சோறு எங்க ஊட்ல, போட்டோ அருவியில.” எல்லோரும் சிரித்தார்கள். மச்சான் கெட்ட மனசில் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். ஆனால் நீயும் அங்கே மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து உன் வீட்டுச் சோறு எனக்குத் தொண்டையில் நின்றது. வீட்டோடு மாப்பிள்ளை என்று சொல்லிக்கொண்டு கேமராவைக் கழுத்தில் மாட்டித் திரிய என்னால் ஆகாது. எலி வளையானாலும் தனி வளை வேண்டும். மூன்று வருடம் இருந்தால் செம்மேட்டில் ஒரு கடை பிடித்து, சின்னதாக ஒரு மெஷினே போட்டுவிடலாம். ஃபிலிமை பஸ்ஸில் நாமக்கல்லுக்கு அனுப்பிக் காத்துக்கிடக்க வேண்டாம். அதற்குத்தான்.

இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். முகத்தைப் பார்த்தால் நான் போயே இருக்க மாட்டேன்.

சென்றாயன் வைகாசி முதல் வாரத்தில் கிளம்புகிறான். இரண்டு கேமராவும் இன்னும் லேபில்தான் இருக்கின்றன. நீ சொன்ன கணக்குப்படி பார்த்தால் எதை எடுத்தாலும் நான் பொய்யன். பெரியதை அனுப்பினால் வருவதாகப் பொய். சின்னதை அனுப்பினால் உன்னை விட்டுவிட்டேன் என்று ஆகிறது, அதுவும் பொய். என்னால் முடியாது பானு. நீயே சொல்.

பூபதி


பெரக்கரை நாடு
3.5.2000

மாமாவுக்கு,

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று ஆரம்பிக்க நினைத்தேன். இருக்கிறது. அதனால் அப்படி எழுதவில்லை.

சந்தையில் நான் பேசவில்லை என்கிறீர்கள். அன்று சாயங்காலமே வீட்டில் அண்ணனை நான் கேட்ட கேள்விக்கு அவர் மறுநாள் வரை சாப்பிடவில்லை. அது உங்களுக்குத் தெரியாது. வியாபாரிகள் முன்னால் பேசியிருந்தால் அண்ணனுக்கும் தங்கைக்கும் சண்டை என்று ஊர் பேசும், நீங்கள் இன்னும் கூசிப்போவீர்கள் என்று பேசாமல் இருந்தேன். நீங்கள் ஒரு வாரம் எங்களோடு அதே சோற்றைத் தின்றுகொண்டு, அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். தனி வளை வேண்டும் என்றால் நானும் வந்திருப்பேனே, வளைக்குள் நீங்கள் மட்டும் போய் அடைத்துக்கொண்டால் அது என்ன குடித்தனம்? காரவள்ளியில் கீற்றுக் கொட்டகை போட்டுக்கொண்டாலும் இருந்திருப்பேன். உங்கள் அப்பா பாதையை மாற்றினால் மாற்றிக்கொண்டு போகட்டும்.

சரி. நீயே சொல் என்று என் தலையில் கட்டிவிட்டீர்கள். சொல்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கேமரா இல்லாமலே அருவிக்குப் போனேன். ஏன் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. வழக்கமாக நிற்கிற பாறையில் நின்றேன். செம்மேட்டு ஸ்டூடியோக்காரர் ஒருவர் வந்து எடுத்துக்கொண்டிருந்தார். குளித்துவிட்டு நனைந்த துணியோடு நிற்கிற பொம்பளைகள் அவரைப் பார்த்ததும் துண்டை இழுத்துப் போர்த்திக்கொள்கிறார்கள். நம்மிடம் அப்படியில்லை, நான் பக்கத்தில் நிற்கிறேன் என்று தைரியமாக நின்றார்கள். ஒரு பெண் என்னை அடையாளம் கண்டு, “குடை பிடிக்கற அக்காதானுங்களே, போட்டோ எடுக்கறவரு வரலீங்களா?” என்று கேட்டது. வருவார் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டுப் படியேறும்போது முழுக்க அதே நினைப்பு. எத்தனை நாள் இப்படிச் சொல்வேன்?

பெரியதை அனுப்புங்கள் என்று நான் எழுதினால் நீங்கள் அனுப்பிவிடுவீர்கள். அது எனக்குத் தெரியும். கேமரா வந்துவிடும், நீங்கள் வரமாட்டீர்கள். அதை எங்கே வைப்பேன்? மறுபடி பரணில்தான். தினமும் அடுப்பு ஊதும்போது அதை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். நானும் அதோடு சேர்ந்து புகை படிந்து போவேன். எனக்கு அது வேண்டாம்.

சின்னதை அனுப்புங்கள். நான் எடுத்துக்கொள்கிறேன். இது நீங்கள் சொல்லி இல்லை, நானாகக் கேட்பது. கடையும் மெஷினும் உங்கள் கணக்கு. என் கணக்கில் அவை இல்லை.

பானுமதி


ஷார்ஜா
20.5.2000

பானு,

சின்னதை சென்றாயனிடம் கொடுத்துவிட்டேன். பேப்பரில் சுற்றி, அவன் துணிகளுக்கு நடுவில் நானே வைத்தேன். கூட நாலு ஃபிலிம் ரோல் இருக்கிறது. அத்தைக்கு முட்டிக்குத் தைலம்.

கதவு மாதிரி ஒரு மூடி பின்னால் இருக்கும். ஃபிலிம் போடும்போது அதன் ஓரத்தில் ஒரு ரப்பர் வளையம் தெரியும். அதில் ஒரு மணல், ஒரு முடி இருந்தாலும் தண்ணீர் உள்ளே போய்விடும். முந்தானையால் துடைத்துவிட்டு மூடு. அதைத் தவிர உனக்குச் சொல்லித்தர ஒன்றும் இல்லை.

நீ எழுதியதை நாலைந்து தடவை படித்தேன். மச்சானை நீ கேட்டது எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

சென்றாயனை ஏற்றிவிட்டு ஏர்போர்ட்டிலிருந்து நடந்தே கொஞ்ச தூரம் வந்தேன். இங்கே யாரும் நடப்பதில்லை. சூடு. அறைக்கு வந்ததும் அவன் கட்டில் காலியாக இருந்தது. இரண்டு நாளில் வேறு ஆள் வந்துவிடுவான்.

வேறென்ன. கிடைத்ததும் எழுது.

பூபதி


பெரக்கரை நாடு
27.8.2000

அன்புள்ள மாமாவுக்கு,

கேமரா வந்து மூன்று மாதமாகப் போகிறது. எழுதவில்லை என்று நினைத்திருப்பீர்கள். நீங்களும் எழுதவில்லை. வேலை அதிகம். ஆடிப் பெருக்குக்கும் வல்வில் ஓரி விழாவுக்கும் மலை கொள்ளாத கூட்டம். அருவிக் கோயிலுக்குப் போகிற பஸ்ஸில் கூரை மேலெல்லாம் ஆட்கள்.

நீங்கள் எழுதியதில் ஒரு பொய்யும் இல்லை, கேமரா விஷயத்தில் மட்டும் சொல்கிறேன். அருவிக்கு அடியிலேயே நின்று எடுக்கிறேன். பொம்பளைகள் கூட்டமாக வந்து, எங்களை எடு அக்கா, எங்களை எடு அக்கா என்று பிய்க்கிறார்கள். படங்கள் உங்களது மாதிரி இல்லை. பின்னால் இருக்கிற பாறையும் மரமும் எல்லாம் ஒன்றுபோலத் தெளிவாக விழுகிறது. நீங்கள் எடுத்தால் முகம் மட்டும் தனியாக எழுந்து வருமே, அது இல்லை. ஆனால் யாரும் கேட்கவில்லை. அருவி தெரிகிறதா, ஆள் தெரிகிறதா, அதுதான் அவர்களுக்கு.

ஆடியில் ஒருநாள் பாசியில் சறுக்கி விழுந்துவிட்டேன். கேமரா கையை விட்டு நழுவிப் படியில் தத்தித் தத்திப் போய்த் தண்ணீரில் விழுந்தது. யாரோ ஒருவர் இறங்கி எடுத்துக் கொடுத்தார். உதறிவிட்டு அமுக்கினேன், நன்றாக வேலை செய்தது. கேமராவுக்கு ஒரு கீறல்தான். எனக்குத்தான் முழங்கால் வீங்கி, பத்து நாள் பச்சிலை வைத்துக் கட்டிக் கிடந்தேன். எனக்கும் ஒரு ரப்பர் உறை வாங்கி அனுப்பியிருக்கலாம்.

படுத்துக் கிடந்தபோது மத்தியானங்களில் வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். எல்லோரும் மரவள்ளிக் காட்டுக்குப் போய்விடுவார்கள். ஓட்டில் மழை விழுகிற சத்தம். அப்போது நினைத்தேன், நானும் உங்களிடம் அத்தனை பிடிவாதம் பிடிக்காமல் இருந்திருக்கலாமோ என்று. பிறகு எழுந்து நடக்க ஆரம்பித்ததும் அந்த நினைப்பு போய்விட்டது. முழுக்கப் போகவில்லை.

அண்ணன் உங்களைப் பற்றி இப்போது யார் கேட்டாலும், எங்க மாப்ளை வெளிநாட்டுல பெரிய லேப்ல இருக்காருங்க என்கிறார். சந்தையில் அதே இடத்தில் நின்றுதான் சொல்கிறார். உங்களுக்குத் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

நீங்கள் கேட்ட படம் இதோடு வைத்திருக்கிறேன். திருச்செங்கோட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம். அவர்களை எடுத்து முடித்து விலாசம் எழுதி வாங்கினேன். அந்த வீட்டு அக்கா, “ஏனுங்க, எல்லாத்தையும் எடுக்கறீங்களே, உங்கள ஒண்ணு எடுக்கட்டுங்களா?” என்றார். எனக்குக் கேமரா பிடிக்கத் தெரியாதே என்று அவரே பயந்தார். அமுக்கினால் போதும் அக்கா என்றேன். அப்போது தூறிக்கொண்டிருந்தது. நான் பாறையில் போய் நின்றேன், அவர் அமுக்கினார், அவ்வளவுதான். பெரிய கேமராவாக இருந்திருந்தால் நீங்கள் இல்லாமல் இந்தப் படம் இல்லை. இதில் யார் வேண்டுமானாலும் என்னை எடுக்கலாம்.

முகம் கொஞ்சம் கோணலாக இருக்கும். கவர் வந்ததும் சரியாகக்கூடப் பார்க்காமல் இதில் வைத்துவிட்டேன். பார்த்தால் அனுப்பியிருக்க மாட்டேன்.

பானு


ஷார்ஜா
12.9.2000

அன்புள்ள பானு,

உன் படம் நேற்று வந்தது. லேபில் கவரைப் பிரித்தேன். கூட்டமான நேரம், மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்ததும் முதலில் என் கண்ணுக்குத் தெரிந்தது நீ இல்லை. படம் சரியாக அமையவில்லை என்பதுதான் தெரிந்தது. நீ இடது ஓரமாக இருக்கிறாய், உன் பக்கத்தில் காலி இடம் நிறைய. வேறு யாருடைய படமாகவாவது இருந்தால் அந்தப் பக்கத்தை வெட்டிவிட்டு உன்னை நடுவில் கொண்டுவந்திருப்பேன். எங்கே வெட்டலாம் என்று விரலை வைத்தேன். அப்புறம்தான் குடையைப் பார்த்தேன்.

பார்க்காமல் அனுப்பினேன் என்று நீ எழுதியிருக்கிறாய். அதனால் சொல்கிறேன். குடை உன் தலைக்கு மேல் இல்லை பானு. கையைப் பக்கவாட்டில் நீட்டி, உன் தலைக்கு ஒரு சாண் மேலே தூக்கிப் பிடித்திருக்கிறாய். அதற்கு அடியில் யாரும் இல்லை. பாறை மட்டும் நனையாமல் இருக்கிறது. உன் மறுபக்கத்துத் தோள் சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது. முகம் கோணல் இல்லை. இளைத்திருக்கிறாய்.

நெகட்டிவ் பார்க்கிற பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். பின்னால் வரிசையில் ஒரு அம்மாள் படத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தார். என்ன தம்பி ஆச்சு என்று கேட்டார். ஒன்றும் இல்லை, மெஷின் சூடு, கண் எரிகிறது என்றேன். உள்ளே போய்க் கழுவிக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் முதலாளியிடம் பேசினேன். கையெழுத்துப் போட்டது போட்டதுதான் என்கிறார். பாஸ்போர்ட் அவரிடம் இருக்கிறது. ஒரு வருடத்தில் விட்டுவிடுங்கள், என் இடத்துக்கு அந்தப் பையனை நானே தயார் செய்து தருகிறேன் என்று கேட்டிருக்கிறேன். சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை, பார்க்கலாம் என்றார். தினமும் கேட்பேன். செம்மேட்டில் மெஷின் வராது, கடையும் வராது. வந்தால் உன் வீட்டுச் சோறுதான். மச்சான் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், இந்தத் தடவை நானும் சேர்ந்து சிரித்துக்கொள்கிறேன். இல்லை, காரவள்ளியில் கீற்றுக் கொட்டகை என்று எழுதியிருந்தாயே, அதையும் நான் மறக்கவில்லை.

இன்னொன்று. அந்தப் பழைய நிக்கான் இன்னும் கண்ணாடி அலமாரியில்தான் இருந்தது. இங்கே யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை. நேற்று அதை வாங்கிவிட்டேன். சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். இப்போது என் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெரியது வந்தால் நான் வருகிறேன் என்று அர்த்தம் என்றாயே, அந்தக் கணக்கை நானும் ஒப்புக்கொள்கிறேன். இதை நான் யாரிடமும் கொடுத்தனுப்ப மாட்டேன். வந்தால் என் கழுத்தில்தான் வரும்.

எப்போது என்று கேட்காதே. தெரிந்தால் சொல்லமாட்டேனா. இனி எதையும் மறைத்து எழுத மாட்டேன், இதுவரை எழுதியதில்தான் பாதி மறைத்திருக்கிறேன்.

புரட்டாசி பிறக்கப்போகிறது. இனி ஐப்பசி, கார்த்திகை என்று மழைதான். உன் முட்டியும் சரியாகியிருக்காது. நான் வருகிற வரைக்கும் குடையை உன் தலைக்குப் பிடி.

பூபதி